தொண்டைக்கு ஒரு சர்டிபிகேட்

இங்க உக்காரலாமா தாயி? எந்தக் காதுல பஞ்சு வச்சிருக்க, இடது காதுலயா? அப்ப நான் வலது பக்கம் வந்துர்றேன். முப்பத்தொண்ணுதான் கூப்பிட்டுருக்காங்க. எனக்கு நாப்பத்தேழு. உனக்கு? நாப்பத்தெட்டா? அப்ப எனக்கு அடுத்த ஆளு நீதான். நல்லதாப் போச்சு, பேச்சுத் துணைக்கு ஆச்சு.

எனக்குத் தொண்டை. இல்லை இல்லை, வலியெல்லாம் கெடையாது. காலையில நாலு இட்டிலி தின்னுட்டுத்தான் பஸ் ஏறுனேன். நல்லா முழுங்குறேன், நல்லாப் பேசுறேன், பாக்குறேல்ல. ஒண்ணும் இல்லாத தொண்டைக்கு ஒரு சர்டிபிகேட் வாங்க வந்துருக்கேன். கொஞ்சம் கிட்ட வா, மெதுவாச் சொல்றேன். அந்தா சீட்டு குடுக்குற நர்சம்மா காதுல விழுந்துச்சுன்னா கெட்டது. அதுகிட்ட நான் குரலே வரலைன்னு சைகை காட்டித்தான் டோக்கன் வாங்குனேன்.

ஊர் பேரு கேக்காத. அதைச் சொல்லி, அது யாரு காதுக்காவது போயி, அதுக்கொரு மெமோ வந்தா நான் எங்க போவேன். பால்வாடியில ஆயாவா இருக்கேன். இருபத்திரெண்டு வருசம் ஆச்சு. ஜெசிந்தா டீச்சர் பாட்டுச் சொல்லிக் குடுக்கும், படம் காட்டும். நான் சோறாக்கிப் போட்டு, மூக்குத் தொடைச்சு, தூங்க வச்சு, கால் கழுவி விட்டு அனுப்பணும். பேரு தவமணி. ஆனா ஊருக்குள்ள தவமணி வீடு எதுன்னு கேட்டா முழிப்பாங்க. பாட்டுக்கார ஆயா வீடுன்னு கேட்டா சின்னப் பிள்ளை கூட்டியாந்து விடும்.

என்ன பாட்டா? ஒரே பாட்டுதான். தேசிய கீதம்.

சிரிக்காத. நெசமாத்தான் சொல்றேன். சினிமாப் பாட்டு ரெண்டு வரி பாடச் சொன்னா எனக்கு வராது. தாலாட்டுக்கூட வராது, பிள்ளைகளைத் தட்டியேதான் தூங்க வப்பேன். ஆனா அந்தப் பாட்டு மட்டும் பாடினா அப்பிடி வரும். எட்டாவது வரைக்கும் பள்ளிக்கூடத்துல பிரேயருக்கு நாந்தான். பெறகு பால்வாடி வேலைக்கு வந்த வருசம், ஆகஸ்டு பதினஞ்சுக்குப் பஞ்சாயத்து ஆபீஸ்ல கொடியேத்துறாங்க, ரேடியோ செட்டு வேலை செய்யலை, எல்லாரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்குறாங்க. நான் பிள்ளைகளுக்கு மிட்டாய் வாங்க வந்து ஓரமா நின்னவ, பாட ஆரம்பிச்சுட்டேன். அன்னைக்குப் பிடிச்சது.

அதுல இருந்து எது நடந்தாலும் கூப்பிடுவாங்க. ரேசன் கடை தெறப்பு விழா, மனு வாங்குற முகாம், பள்ளிக்கூட ஆண்டு விழா. மாட்டு டாக்டர் வந்து ஊசி போடுற முகாம் நடந்துச்சு, அதுக்கும் முடிவுல பாடினேன். மாட்டைப் பிடிச்சுக்கிட்டு நின்ன ஆளுகளால அசையாம நிக்க முடியலை, பாவம். ஆரம்பத்துல தமிழ்த்தாய் வாழ்த்தை போன்ல போட்டுருவாங்க. முடிவுப் பாட்டுக்கு மட்டும் ஆளு வேணும்னு பஞ்சாயத்துத் தலைவருக்கு ஒரு ஆசை. எங்க ஊர்ல சொந்தக் குரல்ல பாட ஆளு இருக்குன்னு வர்ற ஆபீசர்ககிட்ட காட்டிக்கிடலாம்ல. எனக்கும் பெருமைதான், பொய் சொல்லுவானேன். ஜெசிந்தா டீச்சர் ஒருநா போன்ல நேரம் வச்சுப் பாத்துச்சு. அம்பத்திரெண்டு செகண்டு. ஒரு செகண்டு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ரேடியோவுல கூட அப்பிடி வராதுன்னு சொல்லுச்சு. நாலு துண்டு போத்தியிருக்காங்க, ஒரு எவர்சில்வர் தூக்குவாளி குடுத்தாங்க. மேடையில ஓரத்துல எனக்குன்னு ஒரு பிளாஸ்டிக் சேரு. பால்வாடி ஆயாவுக்கு எந்த ஊர்லயாவது மேடையில சேரு போட்டுப் பாத்துருக்கியா?

நீ டவுனா? அப்ப கிராம சபைன்னா உனக்குத் தெரியாது. வருசத்துல நாலஞ்சு தடவை, குடியரசு தினம், மே தினம், ஆகஸ்டு பதினஞ்சு, காந்தி பொறந்தநாளு இப்பிடி, ஊர்ச் சனம் அம்புட்டும் ஒரு எடத்துல கூடணும். பஞ்சாயத்து யூனியன்ல இருந்து ஒரு ஆபீசர் வருவாரு. தீர்மானம் வாசிப்பாங்க. யாரு வேணாலும் எந்திரிச்சு என்ன வேணாலும் கேக்கலாம்னு சட்டம். கடைசியில நான் பாடுவேன். பாடி முடிச்சா கூட்டம் முடிஞ்சுச்சு. அதுக்கு மேல யாரும் ஒண்ணும் கேக்க முடியாது. வடையும் டீயும்தான்.

சரி, இதுல என்ன வம்புன்னுதான் கேக்குற. வம்பு எங்க அண்ணனால வந்துச்சு.

எங்க அண்ணன் பேரு சின்னக்காளை. மிலிட்டரின்னா ஊருக்கே தெரியும். இருபத்திநாலு வருசம் பட்டாளத்துல இருந்து ஹவில்தாரா வந்துச்சு. என் வீட்டுக்காரரு போன பெறகு எனக்குன்னு இருக்கறது அது ஒண்ணுதான். ஞாயித்துக்கிழமை ஆனா என் வீட்டுலதான் சாப்பாடு. மீன் எடுத்துக்கிட்டு தானே வரும், நான் குழம்பு வச்சுக் குடுப்பேன், தின்னுட்டு ஒண்ணும் பேசாமப் போகும். ரொம்பப் பேசாது. ஆனா மனசுல பட்டதை யாரு முன்னாலயும் கேட்டுப்புடும். எங்க ஊர்ல கிராம சபையில எந்திரிச்சுக் கேள்வி கேக்குற ஒரே ஆளு அதுதான். மத்தவங்கள்லாம் வடை வர்ற வரைக்கும் உக்காந்துருக்குற ஆளுக.

அண்ணன் என்ன கேக்கும்னா, டேங்க்கு. எங்க பால்வாடிக்குப் பின்னாடி ஒட்டுனாப்பில தண்ணி டேங்க் நிக்குது. நாலு காலும் காரை உதுந்து உள்ள கம்பி தெரியுது. துருப்பிடிச்சு, தொட்டா கையில வரும். தண்ணி ஏத்துனா ஒரு பக்கம் ஒழுகும். அதை இடிங்க, இல்லாட்டிப் பால்வாடிய வேற எடத்துக்கு மாத்துங்க, கீழ இருபத்தாறு பிள்ளைக இருக்குன்னு அண்ணன் கேக்கும். அதுல ஒரு பிள்ளை அதோட பேத்திதான், மகிழினி. மூணரை வயசு. வீட்டுல அத்தைங்கிறதைக் கேட்டு என்னைய ஆயாத்தைன்னு கூப்பிடும்.

எனக்கு அந்த டேங்க்கு தெரியாமலா இருக்கும்? அதுக்கு அடியிலதான அடுப்படி. சாம்பாரு கொதிக்கும்போது மேல இருந்து காரைப் பொடி விழுகும். நான் மூடி போட்டு மூடிருவேன். ஒருநாளும் ஒரு பிள்ளைக்கும் வயித்துக்கு ஒண்ணும் வந்ததில்லை.

மொதத் தடவை நடந்தது என் தப்புதான். அதை நான் ஒத்துக்கிடுறேன். ரெண்டு வருசத்துக்கு முன்னாடி, அக்டோபர் ரெண்டு. அண்ணன் எந்திரிச்சு டேங்க்கு விசயத்தைப் பேசிக்கிட்டு இருக்கு. ஊராட்சி செயலர் தனுஷ்கோடி மேடையில இருந்து எந்திரிச்சாரு. கூட்டம் முடியும்போதுதான் அவரு எந்திரிப்பாரு, அதான் எனக்கு அடையாளம். நான் அண்ணன் பேச்சைக் கேக்கலை, எங்க அந்த வடைக்காரி இன்னும் வரலைன்னு பாத்துக்கிட்டு இருந்தேன். அவரு எந்திரிச்சதைப் பாத்த ஒடனே நானும் எந்திரிச்சுப் பாட ஆரம்பிச்சுட்டேன். அவரு எந்திரிச்சது போன் பேச. எனக்கென்ன தெரியும்?

அண்ணன் பாதிப் பேச்சுல இருந்துச்சு. கையை நீட்டி டேங்க் பக்கம் காட்டிக்கிட்டு இருந்துச்சு. பாட்டுச் சத்தம் கேட்டுச்சோ இல்லையோ, கை கீழ வந்துருச்சு. குதிகால் ரெண்டும் ஒண்ணு சேந்துருச்சு. நெஞ்சு நிமிந்து, தாடை நிமிந்து, கண்ணு நேராப் பாக்குது. அது அப்பிடித்தான் தாயி. வீட்டுல டிவியில குடியரசு தினம் பாக்கும்போது பாட்டு வந்தா, சோத்துக் கையோட எந்திரிச்சு நிக்கும். மதினி சிரிக்கும், அண்ணன் அசையாது. பாட்டு முடியுற வரைக்கும் பாம்பு கடிச்சாலும் அதுக்கு ஒறைக்காது.

நான் பாடி முடிச்சேன். பாதியில நிறுத்த முடியுமா அதை? ஆபீசர் கும்பிட்டுட்டு ஜீப்புல ஏறிட்டாரு. அண்ணன் வாயைத் தெறந்துச்சு, ஆனா கூட்டம் கலைஞ்சு போச்சு. பாட்டு முடிஞ்ச பெறகு கத்துறது மரியாதை இல்லைன்னு அதுக்கு ஒரு நினைப்பு. சைக்கிளை எடுத்துக்கிட்டுப் போயிருச்சு.

தனுஷ்கோடி நின்னு பாத்தாரு. அண்ணன் போற தெசையப் பாத்தாரு. என்னையப் பாத்தாரு. "நல்லாப் பாடுன தவமணி"ன்னாரு. இத்தனை வருசத்துல அன்னைக்குத்தான் மொதத் தடவை என்கிட்ட வாயைத் தெறந்து அப்பிடிச் சொன்னாரு. எனக்கு உச்சி குளுந்து போச்சு. நான் ஒரு கூறுகெட்டவ.

அடுத்த கூட்டத்துக்கு முந்துன நாள் பால்வாடிக்கே வந்துட்டாரு. "தவமணி, நான் எந்திரிக்கிறது உனக்குச் சரியாத் தெரியாது, கூட்டம் மறைக்கும். இனிமே நான் கண்ணாடியக் கழட்டிப் பையில வச்சேன்னா நீ ஆரம்பிச்சுரு"ன்னாரு. நானும் சரிங்கய்யான்னேன். ஆபீசருக்கு வேற ஊருக்கும் போகணும், நேரமாகுது, அதான்னு நெனச்சேன். நெசமா அப்பிடித்தான் நெனச்சேன். நீ நம்பாட்டிப் போ.

குடியரசு தினம். அண்ணன் எந்திரிச்சு, "ஐயா, டேங்க்கு"ன்னுச்சு. கண்ணாடி பைக்குள்ள போச்சு. பாடினேன். மே தினம், "ஐயா, போன தடவையே"ன்னு ஆரம்பிச்சுச்சு. கண்ணாடி போச்சு. பாடினேன். இப்பிடி எண்ணிப் பாத்தா ஏழு தடவை தாயி. ஏழு தடவையும் அண்ணன் பாதிப் பேச்சுல நேரா நிமிந்து நின்னுச்சு. கண்ணு கலங்கி நிக்கும். அது எதுக்குக் கலங்குதுன்னு எனக்குத் தெரியாது. பாட்டுக்காகவா, கோவத்துலயா, கேட்டதில்லை.

ஊர்ல எளந்தாரிக என்னைய எளக்காரமாப் பேச ஆரம்பிச்சாங்க. டீக்கடையில யாராவது கடன் கேட்டா, "தவமணி ஆயாவக் கூப்பிடுறா, பாட்டைப் போடச் சொல்லு"ம்பாங்க. புருசன் பொண்டாட்டி சண்டையில கூட என் பேரு அடிபட்டுச்சாம். நான் என்ன செய்வேன்? பாடச் சொன்னாங்க பாடினேன். கெட்ட பாட்டா பாடினேன்? நான் பாடாட்டி டேங்க்கை இடிச்சுருவாங்களா? பாடினதுனால அது நிக்குதா?

ஆனா எங்க அண்ணன் ஒரு வார்த்தை என்னையச் சொல்லலை. அதுதான் எனக்குத் தாங்காது. ஒவ்வொரு தடவையும் அதுக்கு அடுத்த ஞாயித்துக்கிழமை மீனோட வந்துரும். ஒருநா நானே கேட்டேன். "ஏண்ணே, நான் பாடுறதுல உனக்கு வருத்தமா?"ன்னேன். முள்ளை எடுத்து ஓரமா வச்சுட்டு, "அந்தப் பாட்டைப் பாடுறதுல என்ன வருத்தம்? நல்லாத்தான் பாடுற. நடுவுல ஒரு எடத்துல இழுக்குற, அதை மட்டும் இழுக்காத"ன்னுச்சு. அம்புட்டுத்தான்.

இப்பிடியே போயிருக்கும். இந்த சூலை மாசம் ஒருநா மத்தியானம், பிள்ளைகளை எல்லாம் கை கழுவ வச்சு, சோறு ஊட்டி, உள்ள படுக்க வச்சுட்டு நான் அண்டா கழுவிக்கிட்டு இருக்கேன். பொத்துன்னு ஒரு சத்தம். பின்வாசல்ல போயிப் பாத்தா, பிள்ளைக கை கழுவுற தொட்டி ரெண்டாப் பொளந்து கெடக்கு. டேங்க் கால்ல இருந்து இந்தா, இம்பெரிய காரைக் கட்டி, கம்பியோட. பத்து நிமிசத்துக்கு முன்னால இருபத்தாறு பிள்ளையும் அந்தத் தொட்டியச் சுத்தித்தான் நின்னுச்சுக. மகிழினி கடைசி ஆளு. அது தண்ணியில வெளாண்டுக்கிட்டு வர மாட்டேன்னு அடம் பிடிச்சுச்சு, முதுகுல ஒண்ணு வச்சுத்தான் உள்ள இழுத்துட்டுப் போனேன்.

நான் அங்கனயே உக்காந்துட்டேன். ஜெசிந்தா டீச்சர் வந்து தூக்கி விட்டுச்சு. உள்ள பிள்ளைக ஒண்ணும் தெரியாமத் தூங்குதுக. அன்னைக்குத்தான் தாயி எனக்கு உறைச்சுச்சு. ஏழு தடவை கேட்டுருக்கு. ஏழு தடவையும் வாயை அடைச்சது நானு. வேற யாரும் இல்லை, நானு.

அண்ணன் வந்துச்சு. அந்தக் கட்டியத் தூக்கி ஒரு ஒரச் சாக்குல போட்டு சைக்கிள்ல கட்டுச்சு. "பதினஞ்சாந்தேதி ஆபீசர் மேசையில வைக்கிறேன். அப்ப எப்பிடி இல்லைன்னு சொல்லுவாங்க பாப்போம்"னுச்சு. என் மூஞ்சியப் பாத்துச் சொல்லலை. சாக்கைக் கட்டிக்கிட்டே சொல்லுச்சு.

பதினஞ்சாந்தேதி காலையில எட்டரை மணிக்குக் கொடியேத்துறப்ப பாடினேன். கணீர்னு பாடினேன், ஊரே கேட்டுச்சு. இதான் இப்ப எனக்குப் பெரிய எடைஞ்சலா இருக்கு, பெறகு சொல்றேன். பதினோரு மணிக்குக் கூட்டம். நல்ல கூட்டம் அன்னைக்கு, டேங்க் சங்கதி எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சுல்ல. யூனியன்ல இருந்து வந்தவரு புது ஆளு, சின்ன வயசு. தனுஷ்கோடி தீர்மானத்தை வாசிச்சாரு, வாசிச்சாரு, மூச்சு விடாம வாசிச்சாரு. முடியவும் அண்ணன் எந்திரிச்சுச்சு. சாக்கைத் தோள்ல தூக்கிக்கிட்டு நேரா மேடைக்கு வந்து, கட்டிய எடுத்து மேசை மேல வச்சுச்சு. பூச்செண்டு வச்சுருந்த எடத்துல. மேசை கிறீச்சுன்னுச்சு. அந்த ஆபீசர் கட்டியப் பாக்குறாரு, கம்பியப் பாக்குறாரு. "இது எங்க விழுந்துச்சு?"ன்னு கேட்டாரு தாயி. ரெண்டு வருசத்துல மொதத் தடவையா ஒரு ஆபீசர் வாயில இருந்து ஒரு கேள்வி வந்துச்சு.

அண்ணன் நெஞ்சு ஏறி எறங்குச்சு. "ஐயா, இது"ன்னுச்சு.

தனுஷ்கோடி கண்ணாடியக் கழட்டிப் பையில வச்சாரு.

எங்க ஊருக்கு அந்த அடையாளம் பழகிப் போச்சு. அவரு கழட்டவும் சனம் தானா எந்திரிச்சுருச்சு. தலைவரு எந்திரிச்சாரு. அதைப் பாத்து அந்த ஆபீசரும் எந்திரிச்சு நேரா நின்னாரு. நானும் எந்திரிச்சேன். எந்திரிச்சு வாயை மூடிக்கிட்டேன்.

யாருகிட்டயும் சொல்லி வைக்கலை. முந்துன நாளே முடிவு பண்ணேன்னும் சொல்ல முடியாது. பல்லைக் கடிச்சுக்கிட்டேன், அவ்வளவுதான். பாட்டு தொண்டை வரைக்கும் வந்து நிக்குது. பழக்கம்ல. முந்தானைய வாயில வச்சு அமுக்காத கொறை. தனுஷ்கோடி, "தவமணி"ன்னாரு. நான் மேசை மேல இருந்த கட்டியவே பாத்துக்கிட்டு நின்னேன். "தவமணி, ம்"ன்னாரு. முந்நூறு பேரு நிக்குறாங்க, ஒரு சத்தம் இல்லை. மைக்கு மட்டும் உய்யுன்னு இழுக்குது.

நான் மனசுக்குள்ள கத்துறேன். பேசுண்ணே. எல்லாரும் வாயை மூடிக்கிட்டு நிக்குறாங்க. ஆபீசர் உன்னையத்தான் பாக்குறாரு. இந்த மாதிரி ஒரு நேரம் உனக்கு இனிமே வராது. உனக்காகத்தான் நான் நிக்குறேன். பேசுண்ணே, பேசு.

அண்ணன் என்னையப் பாத்துச்சு. நிக்குற சனத்தைப் பாத்துச்சு. கொடியப் பாத்துச்சு. அது மூஞ்சி போன போக்கு எனக்குத்தான் தெரியும். செருப்பைக் கழட்டி ஓரமாத் தள்ளுச்சு. குதிகாலைச் சேத்துச்சு. சேத்து, அதுவே பாட ஆரம்பிச்சுருச்சு.

எங்க அண்ணனுக்குப் பாட வராது தாயி. ஒடைஞ்ச குரலு. எடுப்பும் சரியில்லை, மேல போற எடத்துல மூச்சு நின்னு போச்சு. ஆனா விடலை. பெறகு சனமும் கூடப் பாடுச்சு. தலைவரு பாடினாரு. தனுஷ்கோடி எல்லாரையும் விட சத்தமாப் பாடினாரு. கடைசி வரியில என் வாயும் தெறந்துக்கிட்டு தானாப் பாடிருச்சு. ஆனா மெமோவுல எழுதினவங்க அதை எழுதலை.

முடிஞ்சுச்சு. கூட்டம் முடிஞ்சு போச்சு. ஆபீசருக்கு ஜீப்புக் கதவைத் தெறந்து விட்டாங்க. அவரு ஒருக்காத் திரும்பி மேசையப் பாத்தாரு, ஏறிட்டாரு. தீர்மான நோட்டுல என்ன எழுதியிருக்காங்க தெரியுமா? அனைத்துத் தீர்மானங்களும் ஏகமனதா நிறைவேறுச்சு, நாட்டுப்பண்ணோட கூட்டம் இனிதே முடிஞ்சதுன்னு. அந்தக் காரைக் கட்டிய இப்ப பஞ்சாயத்து ஆபீஸ் கதவு காத்துல அடிக்காம இருக்க முட்டுக் குடுத்து வச்சுருக்காங்க. நான் கண்ணால பாத்தேன்.

சாயங்காலம் அண்ணன் வந்துச்சு. வாசப்படி ஏறலை. கீழயே நின்னு, "ஏன் பாடலை?"ன்னுச்சு.

"உனக்காகத்தாண்ணே"ன்னேன்.

"எனக்காக அதை நிறுத்துவியா? நான் யாரு? அம்புட்டுப் பேரும் எந்திரிச்சு நின்னாச்சு. எந்திரிச்சு நின்ன பெறகு பாடாம விடுறதா?"

"அண்ணே, எல்லாரும் கம்முனுதான நின்னாங்க. நீ நாலு வார்த்தை பேசியிருக்கலாம்ல. ஆபீசரே உன்னையப் பாத்துக்கிட்டு நின்னாரே."

அண்ணன் "அவங்க நின்னது எனக்கு இல்லை தவமணி"ன்னுச்சு. "அந்தப் பாட்டுக்காக நின்னவங்ககிட்ட என் கதையப் பேசச் சொல்றியா? அப்பிடிப் பேசினா எனக்கும் தனுஷ்கோடிக்கும் என்ன வித்தியாசம்?"

இதுக்குப் பதில் உனக்குத் தெரியுமா? பிள்ளைக தலையில கல்லு விழுந்தா அந்தப் பாட்டுக்குச் சந்தோசமான்னு கேக்கணும்னு ராத்திரி படுக்கும்போதுதான் தோணுச்சு. நேர்ல நின்னப்ப தோணலை. அது முன்னாடி எனக்கு எப்பவும் ஒண்ணும் தோணாது.

ஒரு வாரம் ஆச்சு, எங்க மேலாபீஸ்ல இருந்து மெமோ காயிதம் வந்துருச்சு. தேசிய கீதத்தை வேணும்னே பாடாம அவமரியாதை செஞ்சேனாம். பதினஞ்சு நாளுக்குள்ள எழுத்து மூலமா விளக்கம் குடுக்கணுமாம். பாடித்தான் ஆகணும்னு சட்டம் எதுவும் இல்லைன்னு ஜெசிந்தா டீச்சர் சொல்லுச்சு. நீயும் அதேதான் சொல்ற. சட்டத்தை அவங்ககிட்ட போயி நீ சொல்லு, டீச்சர் சொல்லட்டும். ஆயா போயிச் சொன்னா நடக்குமா? ரிட்டையர் ஆக இன்னும் நாலு வருசம் இருக்கு எனக்கு.

காயிதத்துல சாட்சின்னு ஒரு கையெழுத்து. யாருதுங்கிற? எங்க அண்ணந்தான். தனுஷ்கோடி நேராப் போயி, "மிலிட்டரி, அன்னைக்கு உங்க தங்கச்சி பாடுச்சா இல்லையா, உள்ளதைச் சொல்லுங்க"ன்னு கேட்டுருக்காரு. அதுக்குப் பொய் வராது. பாடலைன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துருச்சு. ஏழு தடவை நான் பாடி அது வாயை அடைச்சேன், ஏழு தடவையும் என் வீட்டுல வந்து கை நனைச்சுச்சு. ஒரே ஒரு தடவை பாடாம இருந்தேன். மூணு ஞாயித்துக்கிழமை போச்சு தாயி. வரலை. மகிழினியக் கூட்டிட்டுப் போக பால்வாடிக்கு வரும்போது கூட கேட்டுக்கு வெளியவே நின்னுக்குது. எனக்கு வேலை போனாலும் போகட்டும்னு இருக்கு. அது அப்பிடி வெளிய நிக்குறதைத்தான் பாக்க முடியலை.

போன வாரம் மதினி வந்துச்சு. "உங்க அண்ணன் சாப்பிடுறதே இல்லை. பொலம்புது. அவளுக்கு உடம்புக்கு முடியாமப் போயிருந்தா அது வேற, வேணும்னுல்ல செஞ்சுட்டாள்னு சொல்லுது. நீ ஒரு டாக்டர்கிட்ட தொண்டை சரியில்லைன்னு எழுதி வாங்கேன். ஆபீசுக்கும் ஆச்சு, உங்க அண்ணனுக்கும் ஆச்சு"ன்னுச்சு. நல்ல யோசனைதான். அதான் வந்தேன். எட்டரைக்குக் கணீர்னு பாடினவளுக்குப் பதினோரு மணிக்கு என்ன வந்துச்சுன்னு கேட்டா என்ன சொல்றதுன்னுதான் பஸ்ல வரும்போதெல்லாம் யோசிச்சுக்கிட்டு வந்தேன். மோரு குடிச்சேன்னு சொல்லவா? வெயில்ல நின்னேன்னு சொல்லவா?

டேங்க்கா? டேங்க் நிக்குது. இந்நேரம் பிள்ளைக அது அடியிலதான் கை கழுவிக்கிட்டு இருக்கும். தொட்டி ஒடைஞ்சு போச்சுன்னு ஒரு பிளாஸ்டிக் வாளி வச்சுருக்கேன். எடத்தைக் கொஞ்சம் தள்ளி வைன்னு டீச்சர்கிட்ட சொல்லிட்டுத்தான் வந்தேன். எம்புட்டுத் தள்ள முடியும்? அம்புட்டுத்தான எடம்.

என்ன, நாப்பத்தேழா? இந்தா வந்துட்டேன் தாயி!

ஐயையோ. இம்புட்டுச் சத்தமாவா சொன்னேன்? அந்த நர்சம்மா திரும்பி மொறைக்குது பாரு. என்ன செய்ய, தொண்டை அப்பிடி.

சரி, போறேன். எப்ப இருந்து கொரல் வரலைன்னு கேப்பாரு. பதினஞ்சாந்தேதி பதினோரு மணிக்குன்னு என் வாயாலயே சொல்லணும். இந்த அம்பத்தாறு வருசத்துல யாரும் சொல்லாம நானா ஒரு காரியம் செஞ்சது அந்த ஒரு நிமிசந்தான் தாயி. அதை நோவுன்னு எழுதி வாங்கணும். வாங்கிட்டுப் போயி எங்க அண்ணன் கையில குடுக்கணும். அது வாசிச்சுப் பாத்துட்டு, அப்ப உடம்புக்கு முடியாமத்தான் போச்சான்னு கேக்கும். ஆமாண்ணே, முடியலைண்ணேன்னு சொல்லணும்.